முடிவானது எது, முடிவாகாதது எது: ஒரு சந்தை நகரின் சதுக்கப் புதுப்பிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் ஒரு சிறிய சந்தை நகரில் 2023 இலையுதிர் காலத்திலிருந்து 2025 கோடை வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நகரத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். டவுன் கவுன்சில் அமைத்த பணிக்குழுவில் நான் ஊதியமில்லாத உறுப்பினர். மக்களுக்குப் போகும் தகவல் தாளை எழுதுவது என் பொறுப்பு. இதில் வரும் தவறுகளில் பெரியது என் கையால் நடந்தது. அதையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

நகரத்தின் நடுவில் ஒரு சதுக்கம். செவ்வாயும் சனியும் அங்கே சந்தை கூடும். மற்ற நாட்களில் அதே இடம் கார் நிறுத்துமிடம். வடக்குப் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு மூன்று மாடியில் ஒரு பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடம் நிற்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் மூடிய கடை, அப்புறம் திறக்கவே இல்லை. அதன் கண்ணாடிகளில் பலகை அடித்த பிறகு பக்கத்துக் கடைகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின.

மத்திய அரசின் நகரப் புதுப்பிப்பு நிதியில் ஒரு பங்கு கிடைத்ததும் சதுக்கத்தை நடப்பவர்களுக்கான இடமாக மாற்றத் திட்டம் வந்தது. கார்களைப் பின்பக்க நிறுத்துமிடத்துக்கு நகர்த்துவது, மரங்கள் நடுவது, சந்தைக்கு நிரந்தர மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் கொடுப்பது. அதோடு, மூடிக்கிடக்கும் அங்காடியின் தரைத்தளத்தில் நூலகத்தைக் கொண்டுவரலாம் என்ற எண்ணமும் பேச்சில் இருந்தது. கட்டடம் தனியாருடையது. இது பின்னால் முக்கியமாகும்.

யார் எதை முடிவெடுக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் பகுதியில் மூன்று அடுக்குக் கவுன்சில்கள். சாலை, நூலகம், பள்ளிக்கூடம் கவுண்டி கவுன்சிலிடம். பிளானிங் அனுமதி (கட்டடம் கட்டவும் அதன் பயன்பாட்டை மாற்றவும் வாங்க வேண்டியது), குப்பை அள்ளுவது, வீட்டுவசதி டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலிடம். டவுன் கவுன்சிலுக்கு பிளானிங் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை மட்டுமே உண்டு, முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. மக்களுக்கோ எல்லாமே ‘கவுன்சில்’தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பணிக்குழுவில் இருந்த எங்களில் சிலருக்கே, சதுக்கத்தின் ஓரக்கல்லுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முதல் கருத்துக்கேட்பில் கண்டது

2023 அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 4 மணி முதல் 7 மணி வரை, டவுன் ஹாலில் வரைபடங்களை நிறுத்திவைத்து மக்களை வரச் சொன்னார்கள். வந்தவர்கள் அக்கறையோடுதான் வந்தார்கள், நல்ல கேள்விகள் கேட்டார்கள். ஆனால் ஏறக்குறைய எல்லோருமே ஓய்வு பெற்றவர்கள், சொந்த வீட்டில் இருப்பவர்கள். சந்தையில் கடை போடுபவர்களில் ஒருவர்கூட இல்லை. செவ்வாய் சந்தை நாள். 4 மணிக்கு அவர்கள் கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கிழமையைத் தேர்ந்தெடுத்தபோது யாருக்கும் இது தோன்றவில்லை. கடைகளுக்கு மேலே வாடகைக்கு இருப்பவர்களும் வரவில்லை. அறிவிப்புக் கடிதங்கள் கட்டட உரிமையாளர்களின் பெயருக்குப் போயிருந்தன. அவர்களில் பலர் வேறு ஊரில் இருப்பவர்கள்.

அடுத்த வாரம் சதுக்கத்தின் கிழக்கு மூலையில் பத்திரிகைக் கடை நடத்தும் தமிழ்த் தம்பதியிடம் போனேன். வரைபடத்தின் நகலை மேசையில் விரித்தேன். அந்த அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, விடிய அஞ்சு மணிக்கு வாற லொறியை எங்க நிப்பாட்டுறது எண்டு இதில ஒண்டும் காணேல்லையே?”

காணவில்லைதான். சாமான் இறக்கும் இடம் வரைபடத்தில் மறந்தே போயிருந்தது. கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். “இவை முடிவெடுத்துப்போட்டுத்தான் எங்களிட்டக் கேக்கினம். வந்து என்ன செய்யிறது?” என்றார். அவர் கணவர் தலையை மட்டும் அசைத்தார்.

அந்த வாக்கியத்தை வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்தேன். அது புலம்பல் அல்ல, சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 1985இல் பிரென்ட் கவுன்சிலுக்கு எதிரான கன்னிங் வழக்கில் உருவான நான்கு நெறிகள் இங்கிலாந்தில் எல்லாக் கருத்துக்கேட்புக்கும் அளவுகோல். முடிவு உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதுமான விவரம் தர வேண்டும். போதுமான காலம் தர வேண்டும். வந்த பதிலை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். ஹாரிங்கே கவுன்சில் தொடர்பான மோஸ்லி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றமும் இவற்றை ஏற்றது. கடைக்கார அக்காவுக்கு அந்த வழக்குகள் தெரியாது. நான்கில் முதல் நெறியை அவர் தன் சொற்களில் சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் கவனித்தோம். அதே இரண்டு மாதங்களுக்குள் மூன்று வெவ்வேறு அறிவிப்புகள் வீடுகளுக்கு வந்திருந்தன: டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் புதிய உள்ளூர்த் திட்டத்துக்கான (எங்கே எத்தனை வீடு வரலாம் என்று வகுக்கும் திட்டம்) ஆரம்பக் கருத்துக்கேட்பு, சதுக்க வடிவமைப்பு, கவுண்டி கவுன்சிலின் போக்குவரத்து மாற்றம். மூன்றும் பளபளப்பான தாள், மூன்றிலும் ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’. உள்ளூர்த் திட்டத்துக்கு எழுதவேண்டியதைச் சதுக்கத்துக்கும், சதுக்கத்துக்கு எழுதவேண்டியதைக் கவுண்டிக்கும் பலர் அனுப்பியிருந்தார்கள். அப்படி வந்தவை உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பப்படவில்லை, ‘இதில் சேராது’ என்று ஒதுக்கப்பட்டன. நேரம் ஒதுக்கி எழுதியவர்களுக்கு இதைவிட மோசமான பதில் கொடுக்க முடியாது என்பதுதான் அன்றும் இன்றும் என் எண்ணம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டிசம்பரில் பணிக்குழு இரண்டு விஷயங்களை முடிவு செய்தது.

முதலாவது, வடிவமைப்பை இறுதி செய்வதை ஆறு வாரம் தள்ளிவைக்கும்படி டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலைக் கேட்பது. இது எளிதான கோரிக்கை இல்லை. நிதிக்குக் காலக்கெடு உண்டு, செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும் என்ற பயம் அதிகாரிகளுக்கு நியாயமாகவே இருந்தது. சாமான் இறக்கும் இடமே இல்லாத வடிவமைப்பைக் கட்டிவிட்டு அப்புறம் தோண்டினால் என்ன செலவாகும் என்ற கேள்வியை வைத்தோம். ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது, தகவல் தாளை அடியோடு மாற்றுவது. மாதம் ஒரு தாள், ஒரே பக்கம், மூன்று பத்திகள். முடிவானவை, முடிவாகாதவை, நம் ஊர் கையில் இல்லாதவை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே முடிவெடுக்கும் கவுன்சிலின் பெயர். மூன்றாவது பத்திதான் எங்களுக்குள் அதிக வாதத்தைக் கிளப்பியது. ‘இதெல்லாம் எங்கள் கையில் இல்லை’ என்று அச்சடித்துக் கொடுத்தால் கையாலாகாதவர்கள் போலத் தெரியாதா என்று ஒரு கவுன்சிலர் கேட்டார். அவர் கவலை எனக்குப் புரிந்தது. ஆனால் முடிவாகிவிட்ட ஒன்றைப் பற்றி ஒருவரிடம் கருத்துக் கேட்பது, கேட்காமல் விடுவதைவிடப் பெரிய அவமதிப்பு. அந்த ஒருமுறைக்குப் பிறகு அவர் எதற்கும் வர மாட்டார். வாக்கெடுப்பில் பத்தி நின்றது.

தாளைத் தபாலில் வீட்டு உரிமையாளருக்கு அனுப்பாமல் ஒவ்வொரு கதவிலும் போட்டோம், கடைகளுக்கு மேலே ஏறும் பக்கவாட்டுப் படிக்கட்டுக் கதவுகள் உட்பட. அந்தக் கதவுகள் எத்தனை என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

சதுக்கத்தில் வரைந்த கோடுகள்

2024 பிப்ரவரியில் ஆட்களை அவரவர் நேரத்தில் போய்ப் பார்க்கத் தொடங்கினோம். விடியற்காலை 5 மணிக்குச் சாமான் இறங்கும்போது, பள்ளிக்கூட வாசலில், பேருந்து நிறுத்தத்தில். இதில் கிடைத்ததைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆனால் எல்லாவற்றையும் விட அதிகம் கற்றுக்கொடுத்தது மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை.

காலியான சதுக்கத்தில் வரைபடத்தை அதன் உண்மையான அளவிலேயே சாக்குக்கட்டியால் தரையில் வரைந்தோம். மரக்குழிகளுக்கு வட்டம், இருக்கைகளுக்குச் செவ்வகம், கார்கள் நுழையும் எல்லைக்கு நீளக் கோடு. பத்திரிகைக் கடைக்கு வரும் லாரியின் ஓட்டுநர், அக்கா கேட்டுக்கொண்டதால், விடுமுறை நாளில் லாரியைக் கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்தார். மூன்று மரக்குழிகளின் மேல் ஏறாமல் லாரி திரும்ப முடியவில்லை. அவற்றைத் தவிர்க்க வேண்டுமானால் மக்கள் கடக்கும் இடத்தில் பின்னோக்கி வர வேண்டும். வடிவமைப்பாளர் அங்கேயே நின்று பார்த்தார். கணினியில் போட்டுப் பார்த்த வண்டி அளவு சிறியது என்றார். எந்தச் சண்டையும் இல்லாமல் மூன்று வட்டங்களும் அன்றே அழிக்கப்பட்டு வேறிடத்தில் வரையப்பட்டன.

அதே காலையில் சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண், பின்பக்க நிறுத்துமிடத்திலிருந்து மருந்துக்கடை வரை தன் கையால் சக்கரத்தைத் தள்ளிக் காட்டினார். பாதை லேசான ஏற்றம். இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். மாற்றுத்திறனாளிகளின் நிறுத்துமிடம் போகவேண்டிய இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அரசின் போக்குவரத்துத் துறை வழிகாட்டி சொல்கிறது. பின்பக்க நிறுத்துமிடம் அதைவிடத் தூரம். வரைபடத்தில் அது ஒரு விரற்கடைத் தூரமாகத்தான் தெரிந்திருந்தது. சதுக்க ஓரத்தில் நான்கு இடங்களை அப்படியே வைத்துக்கொள்வது என்று அடுத்த வடிவமைப்பில் மாறியது.

மார்ச் 5, 2024

இனி என் தவறு.

ஜனவரித் தாளில், ‘முடிவாகாதவை’ பத்தியில், அங்காடிக் கட்டடத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தேன்: “இதை வீடுகளாக மாற்றுவதானால் பிளானிங் அனுமதி வேண்டும். அப்போது உங்கள் கருத்து கேட்கப்படும்.” அதை எழுதியபோது அது சரி.

காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து பிரிட்டனில் கட்டுவதற்கும் பயன்பாட்டை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும் என்பது அடிப்படை விதி. அதற்கு விலக்காக, சில மாற்றங்களுக்கு மத்திய அரசே இங்கிலாந்து முழுவதற்கும் பொதுவாக அனுமதி கொடுத்து வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று, 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கிளாஸ் எம்.ஏ. கடை, அலுவலகம் போன்ற கட்டடங்களை வீடுகளாக மாற்ற முழு அனுமதி தேவையில்லை. ‘முன் ஒப்புதல்’ என்ற சிறிய நடைமுறை போதும். ஆனால் இரண்டு வரம்புகள் இருந்தன. மாற்றும் பரப்பு 1,500 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கட்டடம் மூன்று மாதமாவது காலியாகக் கிடந்திருக்க வேண்டும். எங்கள் அங்காடி 1,500 சதுர மீட்டரைவிடப் பெரியது. அதனால்தான் அந்த வாக்கியம்.

2024 மார்ச் 5 அன்று இரண்டு வரம்புகளும் இங்கிலாந்து முழுவதும் நீக்கப்பட்டன. டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் பிளானிங் அதிகாரிகளுக்கு அது தெரியும். பணிக்குழுவுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் தாள்களில் அதே வாக்கியம் அப்படியே போனது. முந்தைய மாதத் தாளைத் திறந்து, மாறியதை மட்டும் திருத்தி அனுப்புவது என் வழக்கம். மாறாதது என்று நினைத்ததை நான் திரும்பப் படிக்கவில்லை.

மே மாதம் கட்டட உரிமையாளர் முன் ஒப்புதலுக்கு விண்ணப்பித்தார், தரைத்தளம் உட்பட மூன்று மாடியையும் வீடுகளாக்க. நூலகப் பேச்சு அதோடு முடிந்தது. உரிமையாளர் செய்தது முழுக்க முழுக்கச் சட்டப்படி சரியானது. ஜூன் கூட்டத்தில் ஒருவர் நான்கு தாள்களையும் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து, என் வாக்கியத்தை நான்கு முறை வாசித்தார். நான் எழுந்து, அது ஏப்ரலில் தவறாகிவிட்டது என்று சொல்லவில்லை. மார்ச் 5ஆம் தேதியே தவறாகிவிட்டது, அதன் பிறகும் இரண்டு முறை அச்சடித்தேன் என்று சொன்னேன். கூட்டம் அமைதியானது. கோபம் தீரவில்லை, தீர வேண்டிய அவசியமும் இல்லை.

சட்டம் கேட்கும் காரணங்கள்

அதற்குள் ஏராளமான எதிர்ப்புக் கடிதங்கள் போயிருந்தன. பெரும்பாலானவை பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை, டாக்டரைப் பார்க்க முடியவில்லை, எங்கள் பிள்ளைகள் வாங்கும் விலையில் வீடு வராது என்பவை. எல்லாம் உண்மையான கவலைகள். ஆனால் முன் ஒப்புதலில் கவுன்சில் பார்க்க அனுமதிக்கப்பட்டவை குறைவு: போக்குவரத்து, நிலத்தின் மாசு, வெள்ள அபாயம், பக்கத்து வணிக இடங்களின் இரைச்சல், வசிக்கும் அறைகளுக்கு இயற்கை வெளிச்சம் போன்ற சில. மலிவு விலை வீடுகள் இத்தனை வேண்டும் என்று இந்த வழியில் கேட்க முடியாது. 56 நாளுக்குள் முடிவும் சொல்லியாக வேண்டும்.

கூட்டத்துக்கு மறுநாள் ஓய்வு பெற்ற ஒரு பிளானிங் அதிகாரியைக் கேட்டுக்கொண்டோம். இரண்டு மாலைகள் நூலகத்தில் உட்கார்ந்து, எந்தக் காரணம் எடுபடும், எது படாது என்று பொறுமையாக விளக்கினார். அங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. எங்கள் சதுக்கம் மரபுப் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கிறது. அப்படி இருந்தால், தரைத்தளத்தை வீடாக்குவது அந்தப் பகுதியின் தன்மையையும் நிலைப்பையும் எப்படிப் பாதிக்கும் என்பதையும் கவுன்சில் பார்க்கலாம். மேல்மாடிகளுக்கு இது பொருந்தாது, தரைத்தளத்துக்கு மட்டும்.

இரண்டாவது சுற்றுக் கடிதங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பத்திரிகைக் கடைக்காரர் விடியற்காலை 5 மணி லாரிச் சத்தத்தைப் பற்றி எழுதினார். சந்தைக்காரர்கள் கூடாரக் கம்பிகள் இறங்கும் நேரத்தை எழுதினார்கள். ஏற்கெனவே இருக்கும் வணிகத்துக்குப் பக்கத்தில் புதிதாக வீடு வந்தால், சத்தத்தைச் சமாளிக்கும் பொறுப்பு அந்த வீட்டைக் கொண்டுவருபவருடையது என்பது 2018 முதல் தேசிய பிளானிங் கொள்கையிலேயே இருக்கிறது. பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்த சில அறைகளுக்கு வெளிச்சம் போதாது என்பதை வரைபடத்தில் அளந்தே ஒருவர் காட்டினார்.

ஜூலையில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. இலையுதிர் காலத்தில் புதிய விண்ணப்பம் வந்தது: தரைத்தளத்தின் முன்பகுதி கடைகளாகவே இருக்கும், வீடுகளின் எண்ணிக்கை குறைவு, சதுக்கப் பக்கம் தடித்த கண்ணாடி ஜன்னல்கள். அது அனுமதிக்கப்பட்டது.

விளைவு

சதுக்க வேலை 2025 கோடையில் முடிந்தது. சாமான் இறக்கும் இடம் இருக்கிறது. அதன் நேரக் கட்டுப்பாட்டைக் கவுண்டி கவுன்சில் போக்குவரத்து ஆணையாகக் கொண்டுவந்தபோது, 21 நாள் ஆட்சேபக் காலத்தில் கடைக்காரர்களே திருத்தம் சொல்லி மாற்ற வைத்தார்கள். நான்கு மாற்றுத்திறனாளி நிறுத்துமிடங்கள் ஓரத்தில் நிற்கின்றன. அங்காடியின் முன்பக்கப் பலகைகள் எடுக்கப்பட்டு உள்ளே வேலை நடக்கிறது.

நூலகம் பழைய இடத்திலேயே இருக்கிறது. வேலை நடந்த மாதங்களில் தற்காலிக இடத்தில் வியாபாரம் படுத்ததால் சந்தையிலிருந்து இரண்டு குடும்பங்கள் போய்விட்டன, திரும்பவில்லை. இந்த இழப்பை எந்த அறிக்கையிலும் நான் பார்க்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மாற்றிச் செய்யவேண்டியவை

மூன்று பத்தித் தாளை அப்படியே வைத்துக்கொள்வேன். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே, அது எந்த விதியின் அடிப்படையில் எழுதப்பட்டது, கடைசியாக என்று சரிபார்க்கப்பட்டது என்ற தேதியைச் சேர்ப்பேன். இப்போது சேர்க்கிறோம். டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் பிளானிங் பிரிவிலிருந்து ஒருவர் அச்சுக்கு முன் வாசித்துக் கையெழுத்திடுகிறார். பிளானிங் விதிகள் இந்த ஆண்டுகளில் மாறும் வேகத்துக்கு இது குறைந்தபட்சம். 2024 டிசம்பரில் தேசியக் கொள்கை திரும்பவும் திருத்தப்பட்டு, வீடுகளின் எண்ணிக்கை இலக்கு கவுன்சில்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் உள்ளூர்த் திட்டத்துக்காக 2023இல் மக்கள் சொன்ன பல கருத்துகள் பழைய எண்ணை வைத்துச் சொல்லப்பட்டவை. அதை அவர்களிடம் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது என்று பணிக்குழு எழுதிக் கொடுத்திருக்கிறது.

சட்டம் எந்தக் காரணங்களைக் கேட்கும் என்ற அந்த இரண்டு மாலை வகுப்பை, விண்ணப்பம் வந்த பிறகு அல்ல, முதல் மாதமே நடத்தியிருக்க வேண்டும். மேல்மாடிகளில் இன்னும் கடுமையான நிபந்தனை கேட்டிருக்க முடியுமா என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. கிளாஸ் எம்.ஏ. உரிமையை ஒரு சிறு பகுதியில் மட்டும் நீக்கும் ஆணையைக் கவுன்சில் பிறப்பிக்கலாம், ஆனால் நஷ்டஈடு கொடுக்காமல் செய்ய 12 மாத முன்னறிவிப்பு வேண்டும். 2023இலேயே அதைப் பேசியிருந்தால் காலம் இருந்திருக்கும். அப்போது 1,500 சதுர மீட்டர் வரம்பே போதும் என்று எல்லோரும் நினைத்தோம்.

சந்தைக்காரர்கள் தற்காலிக இடத்தில் இருந்த காலத்துக்கு வாடகைக் கழிவை நிதி ஒதுக்கீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். கேட்டோம், தாமதமாகக் கேட்டோம்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. 2025 பிப்ரவரியில், கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரண்டடுக்கு நிர்வாகம் (டவுன் கவுன்சில் இந்தக் கணக்கில் சேராது) மிஞ்சியிருந்த 21 பகுதிகளையும் ஒரே அடுக்காக மாற்ற அரசு முன்மொழிவுகளைக் கேட்டது. எங்கள் பகுதியும் அதில் ஒன்று. சாமான் இறக்கும் நேரம், நான்கு நிறுத்துமிடங்கள், சந்தையின் இரண்டு நாள் உரிமை, இவற்றை ஒப்புக்கொண்ட இரண்டு கவுன்சில்களும் இனி இருக்கப்போவதில்லை. ஒப்புக்கொண்டது எது, எந்தத் தேதியில், எந்தக் கூட்டத்தில் என்று ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். பத்திரிகைக் கடை அக்கா அதன் முதல் பிரதியைக் கேட்டு வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்.